திறப்பு யார் கையில்?

வீட்டுக் கதவை நாம் உள்ளேயிருந்து தாழிடுகிறோம். சிறைக் கதவையோ வேறொருவர் வெளியேயிருந்து பூட்டுகிறார். இந்த வேறுபாட்டை நாம் ஊன்றிச் சிந்திப்பது அரிது. வீட்டிலோ வீதியிலோ அபாயம் நேர்ந்தால் ஒரு பெண் கூக்குரலிடலாம், ஓடலாம், அயலாரை உதவிக்கு அழைக்கலாம். விளக்கமறியலில் வைக்கப்பட்ட பெண் எங்கே ஓடுவாள்? சத்திரசிகிச்சைக்குப் பின் மயக்கந் தெளியாது கிடப்பவள் எவரைக் கூவியழைப்பாள்? அவள் உண்பதும் உறங்குவதும், மருந்து பெறுவதும், உறவினரைக் காண்பதும் பிறர் கையிலேயே இருக்கின்றன. அந்தப் பிறருள் ஒருவன் கயவனாயிருப்பின் அவளுடைய கதி யாது?

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி என்று நம் முன்னோர் கேட்டனர். கேள்வி நல்லதுதான். ஆனால் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். வேலியைக் கண்காணிக்கும் வழி என்ன என்பதே இன்று நாம் எண்ண வேண்டியது.

குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் பக்கத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று பெரியவர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியை நாடாத குடும்பம் நம்மிடையே ஏது? தாதியராகவும் வைத்தியராகவும் பணிபுரியப் போகும் மாணவிகள் எத்தனை பேர் இதனைப் படிக்கின்றனர்! பொலிஸ் நிலையத்தின் முன்னும் முகாம்களின் முன்னும் பிள்ளைகளுக்காகக் காத்து நின்ற தாய்மாரும் நம் மத்தியில் வாழ்கின்றனர். குடும்பத்தைத் தொடும் விஷயம் குடும்பத்தார் அறிய வேண்டிய விஷயமே.

நியூகேற் சிறையில்

இலண்டன் மாநகரில் நியூகேற் என்றொரு சிறை இருந்தது. 1813 ஆம் ஆண்டில் எலிசபெத் பிரை என்னும் அம்மையார் அதனைப் பார்வையிடச் சென்றார். பெண்களும் அவர்களுடைய குழந்தைகளும் நெருக்கியடித்து, வைக்கோலிலும் வெறுந் தரையிலும் கிடந்த காட்சியைக் கண்டு அவர் உள்ளம் நொந்தார். 1817 இல் பெண்கள் சிலரைச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்தார். குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தினார்; தாய்மாருக்குத் தையல் வேலை கற்பித்தார். இத்தகைய தரும காரியங்களோடு அவர் அமைந்துவிடவில்லை. பெண் கைதிகளைப் பெண்களே காவல் புரிய வேண்டுமென்று விடாது வற்புறுத்தினார்.

அதன் பயனாக, இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1823 இல் நிறைவேற்றிய சிறைச் சட்டம், பெண் கைதிகளின் மேற்பார்வை பெண் உத்தியோகத்தரிடமே இருத்தல் வேண்டும் என விதித்தது. ஆனால் அந்தச் சட்டம் கைக்கொள்ளப்படுகிறதா என்று சென்று பார்ப்பதற்குப் பரிசோதகர் எவரும் நியமிக்கப்படவில்லை. ஆகையால் பல சிறைகளில் அது ஏட்டுச் சுரைக்காயாகவே கிடந்தது. 1835 இல் பிறந்த மற்றொரு சட்டமே பரிசோதகர்களை ஏற்படுத்தியது. விதி ஒன்று, விதியை மேற்பார்க்கும் கண் மற்றொன்று. இரண்டும் சேர்ந்தாலன்றிக் காவல் இல்லை என்ற பாடத்தை இங்கிலாந்து கற்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன.

பின்னர் 1955 இல் ஜெனீவா நகரிற் கூடிய ஐக்கிய நாடுகள் மகாநாடு, கைதிகளை நடத்துவதற்கான குறைந்தபட்ச விதிகளை வகுத்தது. 2015 இல் அவை திருத்தப்பட்டு, இருபத்தேழு ஆண்டுகள் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் வழங்கலாயின. அவற்றுள் 81 ஆவது விதியை மாணவர்கள் மனத்திலிருத்த வேண்டும். பெண்கள் பகுதி ஒரு பெண் உத்தியோகத்தரின் பொறுப்பில் இருத்தல் வேண்டும். அப்பகுதியின் திறப்புக்கள் யாவும் அவர் கையிலேயே இருத்தல் வேண்டும். பெண் உத்தியோகத்தர் ஒருவர் உடன்வராமல் ஆண் உத்தியோகத்தர் எவரும் உள்ளே நுழையலாகாது. 2010 இல் ஐ. நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பாங்கொக் விதிகள் எழுபதும் இதனை மேலும் விரித்துரைக்கின்றன. பெண் கைதியின் உடலைப் பெண்ணே சோதித்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. ஆண் வைத்தியர் பார்க்க நேரின் பெண் ஊழியர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று.

இவ்விதிகள் எல்லா ஆண்களையும் கயவர் என்று கருதி எழுந்தவையல்ல. காவலர் நல்லவரா தீயவரா என்று ஒவ்வொரு நாளும் ஆராய்ந்துகொண்டிருக்க எவராலும் இயலாது. ஆதலால், தீயவன் வந்தாலும் தீங்கு செய்ய இடமில்லாதபடி வாயிலை அமைத்துவிடுவதே அறிவுடைமை என்பதே அவற்றின் கருத்து.

மௌனம் சம்மதமா?

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று கல்யாணப் பேச்சில் நாம் சொல்வதுண்டு. இந்தப் பழமொழி நீதிமன்றத்துள் நுழைந்தபோது விளைந்த அநியாயம் ஒன்றை அறிந்துகொள்வோம்.

1972 மார்ச் 26 ஆம் தேதி இரவு, இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்திலுள்ள தேசாய்கஞ்ச் என்னும் ஊரின் பொலிஸ் நிலையத்துக்கு ஒரு முறைப்பாட்டின் நிமித்தம் ஆதிவாசிச் சிறுமி ஒருத்தி வரவழைக்கப்பட்டாள். தாய் தந்தையற்றவள், கூலி வேலை செய்து பிழைத்தவள். விசாரணை முடிந்தபின் உறவினரை வெளியே போகச் சொல்லி, அவளை மட்டும் உள்ளே நிறுத்திக்கொண்டனர். கதவு சாத்தப்பட்டது, விளக்கு அணைக்கப்பட்டது. வெளியே நின்ற உறவினர் கூவியழைத்தும் பயனில்லாது போயிற்று. அவள் வெளியே வந்தபோது, கொன்ஸ்டபிள் ஒருவன் தன்னைப் பலாத்காரஞ் செய்தான் என்று கூறினாள். மற்றொருவனும் தன்னிடம் தகாதவாறு நடந்தான் என்றாள்.

கீழ்நீதிமன்றம் அவளுடைய நடத்தையைக் குறைகூறி இருவரையும் விடுவித்தது. பம்பாய் மேல் நீதிமன்றம், அச்சத்தால் அடங்கிப் போவது வேறு, சம்மதிப்பது வேறு என்று தெளிவாகக் கூறித் தண்டனை விதித்தது. ஆயின் 1978 இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது. அவள் உடலிற் காயமில்லை, போராடிய அடையாளமில்லை. ஆதலால் அவள் இணங்கினாள் என்பது அதன் முடிவு. பூட்டிய பொலிஸ் நிலையத்தில், இரு காவலரிடையே, பதினாறு வயது மட்டில் மதிக்கத்தக்க ஒரு சிறுமி போராடவில்லையாம்!

1979 செப்டெம்பரில் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் ஆகிய சட்ட அறிஞர் நால்வர் பிரதம நீதியரசருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினர். நாடெங்கும் பெண்கள் வீதிக்கு இறங்கினர். 1983 இல் இந்தியச் சட்டம் திருத்தப்பட்டது. பொலிஸ் நிலையம், சிறை, ஆஸ்பத்திரி ஆகியவற்றில் அதிகாரத்தைப் பயன்படுத்திச் செய்யப்படும் வல்லுறவுக்குப் பத்து ஆண்டுக்குக் குறையாத தண்டனை வகுக்கப்பட்டது. அத்தகைய வழக்குகளில், உறவு நிகழ்ந்தமை நிரூபிக்கப்பட்டு, நான் சம்மதிக்கவில்லை என்று பெண் சாட்சி சொன்னால் நீதிமன்றம் அவள் சொல்லையே முதலில் ஏற்றல் வேண்டும் என்றாயிற்று.

அதே 1983 இல், ஷீலா பார்ஸே என்ற பத்திரிகை எழுத்தாளர் பம்பாய்ச் சிறையிற் பெண் கைதிகளைக் கண்டு பேசி, பொலிஸ் காவலில் அவர்களுட் சிலர் பட்ட துன்பத்தை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதியதன் பேரில் வேறொரு தீர்ப்புக் கிடைத்தது. பெண்களைத் தனிக் காவலறையில், பெண் கொன்ஸ்டபிள்களின் காவலில் வைத்தல் வேண்டும். பெண் உத்தியோகத்தர் முன்னிலையிலேயே விசாரித்தல் வேண்டும். நீதிபதி ஒருவர் முன்னறிவிப்பின்றிக் காவலறைகளைப் பார்வையிடல் வேண்டும் என்றெல்லாம் அத்தீர்ப்புப் பணித்தது. ஒரு கடிதம் இவ்வளவு சாதித்தது.

நம் நாட்டுச் சட்டம்

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்டது. தடுப்புக் காவலிலுள்ள பெண் சம்மதித்தாள் என்று காட்டினாலும் அது வல்லுறவே என்று அத்திருத்தம் கூறுகிறது. அந்தக் காவல் சட்டபூர்வமானதா, சட்டவிரோதமானதா என்ற பேதம் இல்லை. உடலிற் காயம் இருந்தேயாக வேண்டும் என்ற நியதியும் இல்லை. காவலிலுள்ள பெண்ணிடம் அரசாங்க உத்தியோகத்தன் செய்தாலும், தடுப்பு இல்லத்திலோ மகளிர் இல்லத்திலோ அதன் ஊழியன் செய்தாலும், ஆஸ்பத்திரியில் அதன் பணியாளன் செய்தாலும், தண்டனை பத்து முதல் இருபது ஆண்டு வரை கடூழியச் சிறையாகும், நட்டஈடும் உண்டு. எல்லை மீறிய பேச்சும் தொடுகையுங்கூட அதே கோவையின் 345 ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறைக்குரிய குற்றமாகும்.

இந்தச் சட்டம் பிறந்து ஓராண்டு முடியுமுன் நடந்ததை யாழ்ப்பாணத்தவர் மறவார். 1996 செப்டெம்பர் 7 ஆம் தேதி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுத் துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பிய மாணவி ஒருத்தி கைதடியை அண்டிய காவலரணில் நிறுத்தப்பட்டாள். அவளைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் திரும்பி வரவில்லை. நால்வருடைய உடல்களும் பின்னர் செம்மணியில் தோண்டியெடுக்கப்பட்டன. 1998 ஜூலையில் கொழும்பு மேல் நீதிமன்றம் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை விதித்தது. வீதியோரக் காவலரணும் ஒரு சிறைதான். அங்கே நிறுத்தப்பட்ட கணத்திலிருந்து அவள் பிறர் பொறுப்பிலிருந்தாள். எங்கே, எவர் பொறுப்பில் என்று எழுதி வைக்கப்படாத காவலைவிடக் கொடிய காவல் இல்லை.

காவலதிகாரியே கள்வனானால்

செல்வம் மிக்க தேசங்களில் இக்கேடு இல்லையென எண்ண வேண்டா. அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2003 இல் சிறை வல்லுறவை ஒழிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றின. அந்நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில் டப்ளின் என்னுமிடத்தில் மத்திய அரசின் பெண்கள் சிறை ஒன்று இருந்தது. அதன் அத்தியட்சகரே பெண் கைதிகளை இழிவுபடுத்தினார் என்று 2022 டிசெம்பரில் நிரூபிக்கப்பட்டு, மறு ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். சமய போதகர் உள்ளிட்ட வேறு பலரும் தண்டனை அடைந்தனர். 2024 ஏப்ரலில் அச்சிறை மூடப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் நூற்றுமூன்று பெண்களுக்கு ஏறக்குறைய 116 மில்லியன் டொலர் நட்டஈடு வழங்க அரசு இணங்கியது.

சட்டம் இருந்தது, பயிற்சி இருந்தது, முறைப்பாட்டுப் படிவமும் இருந்தது. ஆயினும் முறைப்பாடு எவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது? குற்றம் புரிந்தவர்களும் அவர்களுடைய தோழர்களும் இருந்த மேசைக்கே! முறையிட்டவள் தனியறைக்கு அனுப்பப்படுவாள் என்ற அச்சம் மற்றவர் வாயை அடைத்தது. ஆகவே, கதவின் திறப்பு மாத்திரமன்று, முறைப்பாட்டுப் பெட்டியின் திறப்பும் வெளியார் கையில் இருத்தல் வேண்டும். நம் நாட்டில் 1996 ஆம் ஆண்டின் சட்டம் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குக் காவல் நிலையங்களையும் சிறைகளையும் சென்று பார்க்கும் அதிகாரத்தை அளித்தது இதன்பொருட்டே. அந்த ஆணைக்குழு சிறைச்சாலைகளைப் பற்றி விரிவாக ஆராய்ந்து 2020 இல் ஓர் அறிக்கையும் வெளியிட்டது.

நோய் தீர்க்கும் இடத்தில்

சிறையைக் கண்டால் நாம் அஞ்சுகிறோம். ஆஸ்பத்திரியையோ நம்பிப் போகிறோம். நம்பிக்கை வேண்டியதே. நம் வைத்தியரும் தாதியரும் இராப்பகலாகச் செய்யும் தொண்டுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். எனினும் நம்பிக்கையைப் பயன்படுத்திக் கொள்பவன் எங்கும் உண்டு. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் குடும்ப வைத்தியர் ஒருவர் தம்மிடம் வந்த பெண்களைப் பரிசோதனை என்ற பெயரால் அவமதித்தமைக்காக 2000 இல் தண்டிக்கப்பட்டார். அதுபற்றி 2004 இல் வெளியான விசாரணை அறிக்கை, பரிசோதனையின்போது உடனிருக்கும் துணைப்பெண் அதற்கெனப் பயிற்சி பெற்றவராயிருத்தல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. எது முறையான பரிசோதனை, எது முறைகேடு என்று அறியாத ஒருவர் அறையில் இருந்தும் பயன் குறைவு என்பது அதன் கருத்து.

ஆஸ்பத்திரியில் அபாயம் நோயாளிக்கு மாத்திரமன்று. பணிபுரியும் பெண்களுக்கும் உண்டு. 1973 நவம்பரில் பம்பாயின் புகழ்பெற்ற வைத்தியசாலை ஒன்றில், வேலை முடிந்து உடை மாற்றிக்கொண்டிருந்த இளந்தாதியை அங்குப் பணிபுரிந்த சிற்றூழியன் தாக்கினான். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளை பாதிக்கப்பட்டு, அவர் நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு மேலாக நினைவிழந்து கிடந்தார். தலைமுறை தலைமுறையாக அவ்வைத்தியசாலைத் தாதியர் அவரைத் தம் சகோதரியாகப் பேணினர். 2015 மே மாதத்தில் அவர் உயிர் நீத்தார். தாக்கியவனோ ஏழாண்டுச் சிறையோடு வெளியேறினான். கொலைமுயற்சியும் கொள்ளையும் அவன்மீது சாட்டப்பட்டனவேயன்றிப் பாலியற் குற்றம் சாட்டப்படவேயில்லை.

2024 ஆகஸ்ட் 9 ஆம் தேதி கல்கத்தா அரசினர் வைத்தியசாலை ஒன்றில், நீண்ட நேரப் பணியினிடையே சற்றுக் கண்ணயர்வதற்குக் கருத்தரங்க மண்டபத்துக்குச் சென்ற பயிற்சி வைத்தியர் சிதைத்துக் கொல்லப்பட்டார். பொலிசாருக்கு உதவியாளனாக அங்கு நடமாடிய ஒருவனுக்கு 2025 ஜனவரியில் ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் நம் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையில், கடமை முடித்து விடுதிக்குத் திரும்பிய பெண் வைத்தியர் கத்தி முனையில் வல்லுறவுக்குள்ளானார். வைத்தியர்கள் நாடளாவிய பணிப்பகிஷ்கரிப்பில் ஈடுபட்டனர். இவ்விடங்களில் வேண்டியிருந்தவை பெரும் பொருட்செலவுள்ளவையா? பூட்டுள்ள ஓய்வறை, விடுதிக்குச் செல்லும் பாதையில் விளக்கு, இரவிற் காவலாளர், உள்ளே வருபவர் யாரென்ற கணக்கு ஆகியவைதாமே!

பழி யாரைச் சேர்ந்தது?

பம்பாய்த் தாதியின் வழக்கில் உண்மை முழுவதும் சொல்லப்படாததற்கு, அவருடைய பெயருக்குப் பழி வரக்கூடாதென்ற எண்ணமே காரணம் என்பர். நல்லெண்ணந்தான், ஆயினும் அதனால் இலாபமடைந்தவன் குற்றவாளி. நம் மொழியிலும் இதே கேடு இருந்தது. 'கற்பழிப்பு' என்ற சொல், துன்பம் இழைத்தவனை விட்டுவிட்டு, துன்பம் அடைந்தவள் எதையோ இழந்துவிட்டாள் என்று பறைசாற்றியது. வல்லுறவு என்ற சொல் வன்முறையைச் செய்தவன் பக்கம் விரலை நீட்டுகிறது. சொல்லை மாற்றிய நாம் உள்ளத்தையும் மாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டில் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி மலைக்கிராமத்தை நினைவுகூர்வோம். 1992 ஜூன் மாதத்தில் சந்தன மரந் தேடி வந்த அரசாங்க ஊழியர் அங்கே பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தனர். எழுத்தறிவும் செல்வாக்கும் குறைந்த அப்பெண்கள் சொன்ன சொல்லில் நின்றனர். 2011 இல் குற்றஞ் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. அதற்குள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். 2023 செப்டெம்பரில் சென்னை மேல் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. முப்பத்தொரு ஆண்டுகள்! அவர்களுடைய ஊரார் அவர்களை ஒதுக்கியிருந்தால் அந்தத் தீர்ப்புக் கிடைத்திருக்குமா?

நாம் செய்யக் கூடியவை

குடும்பத்தார் அறிந்து வைத்திருக்க வேண்டியவை சில உண்டு. ஒரு பெண் கைது செய்யப்பட்டால், எந்த நிலையம், எந்த உத்தியோகத்தர், எத்தனை மணி என்பவற்றை உடனே எழுதி வையுங்கள். ஒருவராகச் செல்லாது, கூடுமாயின் சட்டத்தரணியோடு செல்லுங்கள். அவளைச் சோதிப்பதற்குப் பெண் வேண்டும் என்று கேளுங்கள்; நம் நாட்டுக் குற்றவியல் நடவடிக்கைச் சட்டம் அளித்த உரிமை அது. தீங்கு நேர்ந்திருப்பின் நீதவானிடமும் சட்ட வைத்திய அதிகாரியிடமும் அவள் அஞ்சாது கூறலாம். உடுத்த உடையைத் துவைக்காது, தாமதியாது வைத்தியரிடம் செல்வது முக்கியம். பெண்களுக்கான உதவிக்கு 1938, மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 1996 என்ற தொலைபேசி இலக்கங்களைச் சுவர்க் கலண்டரிற் குறித்து வைத்தல் நன்று.

ஆஸ்பத்திரியில், பரிசோதனையின்போது தாதி ஒருவர் உடனிருக்கட்டும் என்று கேட்பதில் வெட்கமில்லை. நல்ல வைத்தியர் அதனால் மனம் நோகமாட்டார். அவருடைய நற்பெயருக்கும் அதுவே காவல். மனநோயுற்ற பெண்களையும் பேச இயலாதவர்களையும் இல்லங்களில் விட்டுவிட்டு மறந்துபோகும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். வாரந்தோறும் ஒருவர் பார்க்க வருகிறார் என்று தெரிந்த நோயாளியிடம் எவனும் எளிதில் நெருங்கான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் வந்து சொல்லும்போது நம்புங்கள். அங்கே ஏன் போனாய், ஏன் கத்தவில்லை என்ற கேள்விகளை வீட்டிலேயே தொடங்கிவிடாதீர்கள். அக்கேள்விகளைக் கேட்பதற்கு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இருக்கிறார். தாயும் தந்தையும் அவருக்கு உதவி செய்ய வேண்டியதில்லை.

நாளை சட்டம் பயிலவும், தாதியாகவும், பொலிஸ் உத்தியோகத்தராகவும் போகும் மாணவ மாணவியரே! ஒருநாள் ஒரு திறப்புக் கொத்து உங்கள் கையிலும் வந்து சேரும். பூட்டிய கதவுக்கு அப்பால் இருப்பவள் குற்றவாளியாயினும், நோயாளியாயினும், அறிவு மயங்கியவளாயினும், அவளுடைய மானமும் உயிரும் அந்தக் கொத்தோடு உங்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன என்பதை மறவாதிருங்கள்.